எலிக்கு எல்லை தெரியாது: பெங்களூர் பிளேக்கை எதிர்கொண்ட கதை

பெங்களூரில் ஃபிரேசர் டவுன், பசவனகுடி, மல்லேஸ்வரம் ஆகிய மூன்று பகுதிகளின் பழைய தெருக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் ஓடும். பழைய வீடுகளைச் சுற்றிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இடம் விட்டிருப்பார்கள். கொல்லைப்புறத்தில் துப்புரவு வேலைக்கென்றே ஒரு ‘கன்சர்வன்சி சந்து’ போகும். இவை இப்படி அமைந்ததற்கும் வேகமாக வளர்ந்ததற்கும் முக்கியமான காரணம், 1898இல் ஊருக்குள் நுழைந்த பிளேக்.

அந்த நோயை பெங்களூர் எதிர்கொண்ட விதத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் நோயாளியைத் தேடினார்கள், பிடித்தார்கள், ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகுதான் நோய் குடியிருந்த வீட்டைப் பார்த்தார்கள். இன்றும் ஒரு தொற்றுநோய் வந்தால் நாம் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறோம். இரண்டாவது கட்டம் எப்படி வந்தது, அதில் எது சரியாக நடந்தது, எது விட்டுப்போனது என்பதைத் தெரிந்துகொள்வது அதனால் அவசியமாகிறது.

ஒரே ஊர், இரண்டு அரசு

அன்றைய பெங்களூர் ஒரே ஊராக இல்லை. மேற்கே, கெம்பெகௌடா கட்டிய பழைய பேட்டையும் அதைச் சுற்றிய நகரமும் மைசூர் சமஸ்தானத்தின் கீழ் இருந்தன. கிழக்கே, சுமார் 13 சதுர மைல் பரப்பில் ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற தனிப் பகுதி பிரிட்டிஷார் கையில் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைத் தண்டு என்றார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலால் வாடிய படையை 1809இல் பிரிட்டிஷார் இங்கே மாற்றியபோது தொடங்கிய ராணுவக் குடியிருப்பு அது. 1881இல் மைசூர் ஆட்சியை உடையார் அரச குடும்பத்திடம் திருப்பித் தந்தபோதும் இந்தப் பகுதியை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். 1947 ஜூலையில்தான் அது மைசூரிடம் திரும்பியது.

பேட்டைக்கு ஒரு நகரசபை, தண்டுக்கு ஒரு நகரசபை. அங்கே திவானின் ஆணை, இங்கே பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்டின் ஆணை. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேட்டை நகரத்தில் 80,285 பேர், தண்டில் 1,00,081 பேர். மக்கள்தொகையில் தண்டுதான் பெரியது.

அந்த ஒரு லட்சம் பேரில் தமிழ் பேசுவோரே மிகுதி. சென்னைப் படையோடு வந்த சிப்பாய்கள், அவர்களை நம்பி வந்த வியாபாரிகள், சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள் என வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் அல்சூரிலும், இன்று சிவாஜிநகர் என்று அழைக்கப்படும் பிளாக்பள்ளியிலும் குடியேறியிருந்தார்கள். வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்கள் தோட்டம் துரவோடு விரிந்திருக்க, அவற்றில் வேலை செய்தவர்கள் ஒண்டுக்குடித்தன வரிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பிளேக் பரவ இந்த நெருக்கம்தான் வசதியானது.

நோய் வந்த வழி

சீனாவின் யுன்னான் பகுதியில் கிளம்பிய பிளேக் 1894இல் ஹாங்காங்கைத் தாக்கியது. அதே ஆண்டு அங்கே அலெக்சாண்டர் யெர்சின் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் கப்பல் வழியாக பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு பூனா, தார்வாட், ஹூப்ளி எனத் தெற்கே இறங்கியது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் நோயாளிகள் தெரிய வந்தபோது அந்த நோய் ரயில் நிலையத்தை ஒட்டியே தென்பட்டது.

நோயின் போக்கு கொடூரமானது. திடீரென்று கடும் காய்ச்சல். அக்குளிலோ தொடையிடுக்கிலோ கழுத்திலோ நெறி கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கும். பலர் சில நாட்களிலேயே இறந்துபோவார்கள். அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வர இன்னும் சுமார் ஐம்பது ஆண்டுகள் இருந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்டோரை இந்தப் பிளேக் கொன்றது.

முதல் கட்டம்: ஆளைத் தேடினார்கள்

மைசூரில் அப்போது மகாராணி கெம்பநஞ்சம்மணி, சிறுவனான மகன் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்காக ஆட்சியை நடத்திவந்தார். திவான் கே. சேஷாத்ரி ஐயர். பிளேக் கமிஷனராகப் பொறுப்பேற்றவர் கும்பகோணத்தில் பிறந்த வி. பி. மாதவ ராவ், பின்னாளில் மைசூருக்கே திவானானவர். நகரை நான்கு வார்டுகளாகப் பிரித்தார்கள். தனியாக ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தார்கள். முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும் இடையே செய்தி உடனே போய்ச் சேரத் தொலைபேசிக் கம்பிகள் இழுத்தார்கள். பெங்களூருக்கு டெலிபோன் வந்த கதையிலும் பிளேக்குக்கு இடம் உண்டு.

தண்டிலும் பேட்டையிலும் வேலை ஒரே மாதிரிதான் நடந்தது. வீடு வீடாகச் சோதனை. நோய் கண்டவரை மருத்துவமனைக்கு அனுப்புவது. உடனிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொட்டகை போட்ட முகாமில் வைப்பது. காலியான வீட்டில் கார்பாலிக் அமிலம் தெளிப்பது, சுண்ணாம்பு அடிப்பது, வெயில் விழ ஓட்டைப் பிரிப்பது, தேறாது என்று கண்ட வீட்டை இடிப்பது. ரயிலில் வருவோரையும் விடவில்லை. நோயுள்ள ஊரிலிருந்து வருபவர் கையில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற சீட்டைக் கொடுத்து, பத்து நாள் உடல்நிலையைக் காட்டிவரச் சொன்னார்கள். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சில நாட்கள் ஆகும் என்பதால் அந்தக் கெடு. பெங்களூரிலிருந்து சென்னை போகும் பயணிகளை ஜோலார்பேட்டையில் இறக்கிச் சோதித்தார்கள்.

பிரிட்டிஷார் கையில் இருந்த பகுதிகளில் இதற்கெல்லாம் பின்பலமாக இருந்தது 1897இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அவசரமாக நிறைவேற்றிய தொற்றுநோய்ச் சட்டம். மிகச் சிறிய சட்டம் அது. நோயைத் தடுக்க எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்று அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்றது. மக்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

மக்கள் ஏன் ஒளித்தார்கள்?

நோயாளியை வீட்டுக்குள் மறைத்தார்கள், பிணத்தை இரவோடு இரவாகப் புதைத்தார்கள், சோதனைக்காரர்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள் என்று அன்றைய அதிகாரிகள் இந்தியா முழுக்கக் குறைபட்டார்கள். அறியாமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மக்கள் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு.

மருத்துவமனைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. அங்கே கொடுக்க மருந்து இல்லை. பெண்ணின் அக்குளையும் தொடையையும் அந்நிய ஆண் தொட்டுப் பார்ப்பதை எந்தக் குடும்பமும் தாங்கவில்லை. நோய் இருப்பதாகச் சொன்னால் வீட்டுச் சாமான் எரியும், ஓடு பிரியும், சுவர் இடியும், முகாமில் கிடக்கும் நாட்களின் கூலியும் போகும். அன்றாடங்காய்ச்சிகளுக்கு உண்மையைச் சொல்வதால் நஷ்டம் மட்டுமே மிச்சம். அந்த நிலையில் ஒளித்தது பகுத்தறிந்து எடுத்த முடிவுதான்.

கட்டாயம் முற்றிய இடங்களில் வன்முறை வெடித்தது. பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். மைசூர் சமஸ்தானத்திலேயே 1898 நவம்பரில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சம் பகுதியில் பிளேக் நடவடிக்கைகளை எதிர்த்துப் பெரும் கலவரம் மூண்டது. கோயில் வழியிலும் மக்கள் தங்கள் பாதுகாப்பைத் தேடிக்கொண்டார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்களும், பெங்களூரில் பிளேக் மாரம்மா கோயில்களும் அந்தக் காலத்தின் அடையாளமாக இன்றும் இருக்கின்றன.

முகாம்களில் உண்மையாக உழைத்தவர்களும் இருந்தார்கள். டாக்டர் பல்பு அவர்களில் ஒருவர். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், சென்னையில் மருத்துவம் படித்தவர். ஈழவர் சாதியினர் என்பதால் திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை மறுத்தது. மைசூர் அரசு வேலை கொடுத்தது. பெங்களூரில் பிளேக் முற்றியிருந்த காலத்தில் முகாம்களில் நின்று வேலை பார்த்தார். சொந்த மண் தீண்டாத ஒருவர், மற்றவர்கள் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். பின்னாளில் நாராயண குருவோடு சேர்ந்து ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாகக் காரணமாக இருந்தவரும் இவரே.

எலியும் தெள்ளுப்பூச்சியும்

இத்தனை முயற்சிக்குப் பிறகும் நோய் ஏன் அடங்கவில்லை? அது எப்படிப் பரவுகிறது என்பது 1898இல் பெங்களூரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அழுக்கு மண்ணிலிருந்து, கெட்ட காற்றிலிருந்து, நோயாளியின் உடைமையிலிருந்து பரவுகிறது என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள்.

உண்மையில் பிளேக் முதலில் எலியின் நோய். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி அதன் ரத்தத்தோடு கிருமியையும் குடிக்கிறது. கிருமி பெருகிப் பூச்சியின் உணவுப் பாதையை அடைத்துவிடுகிறது. பசியோடு அது மறுபடி மறுபடி கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் கிருமியைக் கக்குகிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் பூச்சி சூடான வேறு உடம்பைத் தேடும். அதே அறையில் தரையில் படுத்திருக்கும் மனிதர்தான் பக்கத்தில் கிடைப்பவர். அதனால்தான் வீட்டில் எலி செத்து விழுந்த சில நாட்களில் ஆட்கள் விழுந்தார்கள். இதை 1898இல் கராச்சியில் சோதனை செய்து காட்டியவர் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். முதலில் பலர் ஏற்கவில்லை. 1905இல் அமைக்கப்பட்ட பிளேக் ஆய்வுக் குழு பம்பாயில் விரிவான சோதனைகள் செய்து உறுதிப்படுத்திய பிறகே உலகம் ஒப்புக்கொண்டது.

இதைத் தெரிந்துகொண்டு முதல் கட்ட நடவடிக்கைகளைத் திரும்பப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். நோயாளியை மட்டும் பிடித்துக்கொண்டு போனதால் பயன் குறைவு; எலியும் பூச்சியும் வீட்டிலேயே இருந்தன. ஒரு வீட்டைக் கலைத்து மருந்து தெளித்தால் எலிகள் அடுத்த வீட்டுக்கு ஓடின. தண்டுக்கும் பேட்டைக்கும் நடுவே சோதனைச் சாவடி வைக்கலாம், சாக்கடைக்குள் ஓடும் எலிக்கு அந்த எல்லை எப்படித் தெரியும்? தானிய மூட்டைக்குள் ஒளிந்த எலி பாஸ்போர்ட் இல்லாமலே ரயிலேறியது.

காரணம் தெரியாமல் செய்த ஒன்று மட்டும் நன்றாக வேலை செய்தது. குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்து திறந்தவெளிக் குடிசைக்குப் போவதுதான் அது. எலி செத்தால் ஊரைவிட்டு வெளியேறித் தோப்பில் தங்குவது நம் கிராமத்தார் தாங்களாகவே கண்டுகொண்ட வழக்கம். மிரட்டிக் கொண்டுபோனபோது எதிர்த்த மக்கள், தாங்களாக முடிவெடுத்தபோது இதையே செய்தார்கள்.

அதேபோல், சென்னை நகரம் பெருமளவு தப்பியதற்கும் பெங்களூர் அடிபட்டதற்கும் எலியின் தெள்ளுப்பூச்சியிலேயே விடை இருக்கிறது. தெள்ளுப்பூச்சியில் இனங்கள் உண்டு. பிளேக்கைத் திறமையாகப் பரப்பும் இனம் ஒன்று. அவ்வளவாகப் பரப்பாத இனம் இன்னொன்று. கொழும்பில் பணியாற்றிய டாக்டர் ஃபேபியன் ஹர்ஸ்ட் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். சென்னையிலும் கொழும்பிலும் இரண்டாவது இனமே அதிகம். சுமார் 3,000 அடி உயரத்தில், குளிர்ந்த தட்பவெப்பத்தில் இருக்கும் பெங்களூர் முதல் இனத்துக்கு வசதியான இடம்.

தடுப்பூசியும் இருந்தது. வால்டெமர் ஹாஃப்கின் 1897 ஜனவரியில் பம்பாயில் தான் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். 1898இல் ஹூப்ளியில் ஊர் மக்களில் பெரும்பகுதியினர் அதைப் போட்டுக்கொண்டார்கள். மைசூரிலும் தண்டிலும் அதைப் பரப்பினார்கள். முழுப் பாதுகாப்பு தராவிட்டாலும் சாவைக் குறைத்தது. இரண்டொரு நாள் காய்ச்சல் வரும், கூலி போகும் என்பதால் ஏழைகள் தயங்கினார்கள்.

1901 கணக்கெடுப்பு சேதத்தின் அளவைக் காட்டியது. பேட்டை நகரத்தில் 69,447 பேர். தண்டில் 89,599 பேர். பத்தாண்டுகளில் இரு பக்கமும் சேர்ந்து 21,320 பேர் குறைந்திருந்தார்கள். செத்தவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களும் இதில் அடக்கம். அதன் பிறகும் பிளேக் ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது கட்டம்: வீட்டை மாற்றினார்கள்

நோய் போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் நகரசபைகளின் கவனம் கட்டடத்தின் மீது திரும்பியது. பேட்டைப் பக்கம், 1890களில் திட்டமிடத் தொடங்கியிருந்த பசவனகுடியும் மல்லேஸ்வரமும் பிளேக்கால் வேகம் பெற்றன. நெருக்கமான சிக்பேட்டைத் தெருக்களை விட்டு வசதியுள்ளவர்கள் அங்கே போனார்கள். புது வீடு கட்டுவதற்குச் சுகாதார விதிமுறைகள் வந்தன. 1897இல் அடிக்கல் நாட்டிய விக்டோரியா மருத்துவமனை 1900 டிசம்பரில் திறக்கப்பட்டது.

தண்டு நகரசபை இன்னும் ஒரு படி மேலே போனது. பிளேக் நுழைய முடியாத ஒரு குடியிருப்பையே கட்டிப் பார்ப்போம் என்று இறங்கியது. நகரசபைப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் திட்டம் வகுத்தார். 1906இல் பாப்பரெட்டிப்பாளையம் பக்கம் அடிக்கல் நாட்டினார்கள். அப்போதைய ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரால் அது ஃபிரேசர் டவுன் ஆனது. இன்றைய அரசுப் பெயர் புலகேசி நகர். ஸ்டீஃபன்ஸ் பெயரில் அங்கே ஒரு சாலை இருக்கிறது. தன் அனுபவத்தை அவர் 1914இல் புத்தகமாகவும் எழுதினார். பிளேக் வராதபடி ஊர் அமைப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள்.

எலி புகாத வீடு என்றால் என்ன? பழைய வீட்டில் மண் சுவர், சாணம் மெழுகிய மண் தரை. எலிக்கு அது தோண்ட வாகான இடம். மூலையில் தானியக் குதிர், அதன்மேல் வெளிச்சம் விழாது. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர், அதற்குள்ளேயே வளை. புது வீட்டில் இந்த ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்தார்கள். அடித்தளம் கருங்கல், பெங்களூரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. தரை கெட்டியான காரை. வீட்டுக்கு வீடு இடைவெளி. வெளிச்சம் மூலை வரை போகும்படி சன்னல், காற்றோட்டத்துக்கு மேலே திறப்பு. கழிவுநீர் ஓட ஒழுங்கான வாய்க்கால். எலிக்கு வளை தோண்ட இடமில்லை, ஒளிய இருட்டில்லை, தின்னச் சிந்தல் இல்லை. ஒரு காவலரும் இல்லாமல், ஒருவரையும் பிடித்துக்கொண்டு போகாமல், அந்தச் சுவரும் தரையும் இருபத்துநாலு மணிநேரமும் காவல் காத்தன.

நோயைத் தடுக்கும் செலவு இங்கே மக்கள் தலையில் தண்டனையாக விழவில்லை. நல்ல வீடாக அவர்கள் கைக்கு வந்தது. ஒளிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

யாருக்குக் கிடைத்தது?

இங்கேதான் அந்த அரசுகள் பாதியில் நின்றன. புது மனைக்குப் பணம் வேண்டும். நெருக்கடியில் வாடியவர்களில் கூலிக்காரர்களும் தோட்டிகளும் ஏராளம். மனை வாங்கியவர்களில் அரசு ஊழியர்களும் வியாபாரிகளும் அதிகம். பேட்டைப் பக்கத்தில் மல்லேஸ்வரம் போன்ற இடங்களில் மனைகளைச் சமூக வாரியாகப் பிரித்தே கொடுத்தார்கள். பழைய நெரிசலின் சாதிக் கோடுகள் புதிய அகலத் தெருக்களிலும் தொடர்ந்தன. பிளாக்பள்ளி, அல்சூர் சந்துகளின் நெரிசல் முழுதாகத் தீரவே இல்லை. எலி புகாத வீட்டின் ரகசியம் தெரிந்த பிறகும், அது மிகத் தேவைப்பட்டவர்களில் பலருக்கு எட்டவில்லை.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது கர்நாடக அரசு முதலில் கையில் எடுத்தது அதே 1897 சட்டத்தைத்தான். அந்த ஆண்டிலேயே மாநிலம் தனக்கென்று புதிய தொற்றுநோய்ச் சட்டமும் இயற்றியது. தடுப்புக் கட்டைகள், கையில் முத்திரை, வீட்டு வாசலில் ஒட்டிய சீட்டு என முதல் கட்டத்தின் கருவிகள் எல்லாம் திரும்பி வந்தன. கிருமி வேறு, பரவும் வழி வேறு. கொரோனா காற்றில் பரவியது; எலிக்கு அதில் பங்கில்லை. ஆனால் இரண்டும் தங்கிய இடம் ஒன்றே: காற்று நுழையாத, ஆட்கள் நெருக்கியடித்த அறை. ‘வீட்டிலேயே தனி அறையில் இருங்கள்’ என்ற அறிவுரை, ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு எந்த வகையில் பொருந்தும்? அந்தக் கேள்விக்கு ஊரடங்கு உத்தரவில் பதில் இல்லை. கட்டட விதிகளில்தான் பதில் இருந்திருக்க வேண்டும்.

அவசரக் காலத்தில் சோதனை வேண்டும், தனிமைப்படுத்தல் வேண்டும், தடுப்பூசி வேண்டும். அதில் சந்தேகமில்லை. அவற்றை மக்கள் ஏற்கவேண்டுமானால் முகாமில் இருக்கும் நாட்களுக்குக் கூலி, பெண்களுக்குப் பெண் ஊழியர், எரித்த பொருளுக்கு ஈடு ஆகியவை முதல் நாளே உத்தரவில் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நஷ்டமில்லை என்ற நிலை வந்தால் யாரும் நோயாளியை ஒளிக்க மாட்டார்கள்.

அலை ஓய்ந்த பிறகு செய்யவேண்டிய வேலை இதைவிடப் பெரியது. இன்றைய பெங்களூரில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடவேண்டிய இடத்தை விழுங்கி எழும்பும் மாடிகள் எத்தனை! சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரில் இடிக்கும் வாடகை அறைகள் எத்தனை! விதிமீறலை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும்போது, விற்கப்படுவது காற்றும் வெளிச்சமும்தான். குடிசைப் பகுதிக்கு மாற்று வீடு கட்டும்போது எத்தனை வீடுகள் என்று மட்டும் கேட்காமல் ஒவ்வோர் அறைக்கும் எத்தனை சன்னல் என்றும் கேட்க வேண்டும். 1906இல் 13 சதுர மைல் பகுதி ஒன்றின் நகரசபை, ஒரு பொறியாளரையும் உள்ளூர்க் கருங்கல்லையும் வைத்துக்கொண்டு அதைச் செய்து காட்டியது. ஆனால் எல்லோருக்கும் செய்யவில்லை. அந்த மிச்ச வேலையைச் செய்து முடிப்பதுதான் அடுத்த கொள்ளைநோய்க்கு இந்த நகரம் செய்யக்கூடிய சரியான ஏற்பாடு. அதற்கு நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.